லைசென்ஸ் வராத ஏப்ரல்

1. மார்ச் முப்பத்தொன்று

மத்தியானம் தாண்டியும் பார் லைசென்ஸின் ரினியூவல் ஆர்டர் வரவில்லை. காலையிலிருந்து சென்னைக்குப் போன் போட்டுப் போட்டு, அங்கே எடுத்துப் பேசிய கிளார்க்குக்கே என் குரல் பழகிவிட்டது. ஃபைல் மேலே இருக்கிறது, கையெழுத்தாகவில்லை என்பதைத்தான் அவர் விதவிதமாகச் சொன்னார். அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது.

கோவில்பட்டி பைபாஸ் ஓரத்தில் ஒரு மூன்று நட்சத்திர ஹோட்டலில் அட்மின் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ரூம்கள், விசேஷ மண்டபம், ரெஸ்டாரண்ட், கீழ்த்தளத்தில் ஒரு பார். அந்த பாருக்குள் நான் போவது ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போது மட்டும்தான். ஆனால் பார் திறந்திருப்பதற்கு வேண்டிய காகிதம் அத்தனையும் என் மேஜை வழியாகத்தான் போய்வந்தது. சொந்தக்காரர்களிடம் ‘ஹோட்டலில் ஆபீஸ் வேலை’ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் தனியார் யாரும் கடை போட்டு மது விற்க முடியாது. அது அரசுக் கடைகளின் வேலை. தனியாருக்கு உள்ள முக்கியமான வழி இரண்டு. கிளப் என்றால் எஃப்.எல்.2. நட்சத்திர ஹோட்டல் என்றால் எஃப்.எல்.3. எங்களுடையது எஃப்.எல்.3. அதற்கு ஸ்டார் சர்டிபிகேட் நடப்பில் இருக்க வேண்டும். கட்டட அனுமதி, நகராட்சிச் சான்று, போலீஸ் அறிக்கை, தீயணைப்புத் துறையின் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று எல்லாம் வேண்டும். பக்கத்தில் பள்ளிக்கூடமோ கோயிலோ எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து போட்ட ஸ்கெட்ச் வேண்டும். இவையெல்லாம் கலெக்டர் ஆபீஸ் வழியாகச் சென்னைக்குப் போய், அங்கிருந்து ஆர்டர் வரும். வந்தாலும் ஒரு வருடத்துக்குத்தான். மார்ச் முப்பத்தொன்றோடு அதன் உயிர் போய்விடும். அடுத்த ஆர்டர் கையில் இல்லாமல் ஏப்ரல் ஒன்றாம் தேதி ஒரு பாட்டிலைத் திறந்தாலும் அது லைசென்ஸ் இல்லாத விற்பனை. நேராகப் போலீஸ் கேஸ்.

அந்த வருடம் தாமதம் எங்கள் பக்கம்தான். முதலாளியின் மருமகன் பிரகாஷ் அதற்கு முந்தைய வருடம் ஹோட்டல் நிர்வாகத்தை ஏற்றிருந்தார். மண்டபத்து நாற்காலிகளையும் பழைய மெத்தைகளையும் பின்பக்கத்து அவசரப் படிக்கட்டில் அடுக்கி, கீழே ஷட்டர் போட்டுப் பூட்டிவிட்டார். ஆய்வுக்கு வந்த தீயணைப்பு அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, காலி செய்தால்தான் என்.ஓ.சி. என்று சொல்லிப் போனார். நான் வாரம் தவறாமல் நினைவுபடுத்தினேன். பார்த்துக்கொள்ளலாம் என்றே பிரகாஷ் சொல்லிவந்தார். ஒருவழியாகக் காலி செய்து, என்.ஓ.சி. வாங்கி, ஃபைல் சென்னைக்குப் போகும்போது மார்ச் கடைசி.

முப்பத்தொன்றாம் தேதி சாயந்திரம் முதலாளிக்குப் போன் செய்தேன். அவருக்கு ஊருக்குள் தீப்பெட்டி ஆபீஸ் உண்டு; தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதுதான் அப்பா காலத்துத் தொழில். ஹோட்டல் பின்னால் வந்தது. ஆர்டர் வராததைச் சொன்னேன். கலால் அதிகாரியை நாமே கூப்பிட்டு, இருக்கும் ஸ்டாக்கைக் கணக்கெடுக்கச் சொல்லி, அறைக்குச் சீல் வைத்துவிட்டால் நம் மேல் யாரும் கை நீட்ட முடியாது என்றேன். 

“சரிம்மா, வரச்சொல்லு. நமக்கு எதுக்கு வம்பு” என்றார்.

கலால் அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், சத்தமாகப் பேசியே நான் கேட்டதில்லை. அலமாரி அலமாரியாக எண்ணிக் குறித்துக்கொண்டார். பூட்டைத் துணியால் சுற்றி, அரக்கு ஊற்றி முத்திரை வைத்தார். பிரகாஷ் வராந்தாவில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். அதிகாரியின் ஜீப் கேட்டைத் தாண்டிய பிறகு என்னிடம் வந்து, எல்லா ஊரிலும் அப்ளிகேஷன் உள்ளே இருக்கிற தைரியத்தில் ஓட்டத்தான் செய்கிறார்கள், வலியப் போய் வாசலில் அரக்கை ஊற்றிக்கொண்டது நாம் மட்டும்தான் என்றார். 

2. வெயில்

ஏப்ரல் முதல் வாரம் போனது. ஆர்டர் வரவில்லை. வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது. பைபாஸில் நிற்க முடியாத அனல். கயத்தாறு பக்கம் காற்றாலை வேலைக்கு வந்து எங்களிடம் மாதக்கணக்கில் தங்கும் இன்ஜினியர்கள் சாயந்திரம் கீழே இறங்கி வந்து, அரக்கு முத்திரையைப் பார்த்துவிட்டு மேலே போவார்கள். சிலர் ரூமைக் காலி செய்து திருநெல்வேலிக்கு மாறினார்கள்.

பாரில் வேலை பார்த்தவர்களுக்கு வேலை இல்லை. அவர்களில் மூத்தவர் செல்லத்துரை. குளத்தூர்க்காரர். உப்பளத்தில் வேலை பார்த்து, காலில் ஆறாத புண் வந்து, ஹோட்டல் வேலைக்கு வந்தவர். பார் கவுண்டரில் நிற்பார், ஆனால் ஒரு சொட்டு குடிக்க மாட்டார். அவர் மனைவி புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் யூனிட்டில் தையல் வேலைக்குப் போய்வந்தார். தினமும் காலையில் செல்லத்துரை என் அறை வாசலில் வந்து நின்று, “ஆர்டர் வந்துட்டாக்கா?” என்று கேட்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவர் போய்விடுவார். பார் திறக்காவிட்டால் ஆள் குறைப்பு என்று பிரகாஷ் சொல்லியிருந்தது அவர் காதிலும் விழுந்திருந்தது.

எனக்கும் தூக்கம் சரியில்லை. இந்த வேலையில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்த ஜீப் சத்தம் கேட்டாலும் நம்மைத் தேடித்தான் வருகிறது என்று தோன்றும். வீட்டில் கரண்ட் பில் கட்டும் தேதியைக்கூட இரண்டு முறை சரிபார்ப்பேன். அந்த ஏப்ரலில் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் எதையோ மறந்துவிட்ட மாதிரி இருந்தது. காரணம் ஒன்றும் இல்லை. எல்லாம் சட்டப்படி பூட்டித்தான் இருந்தது. 

3. காதுகுத்து

முதலாளிக்கு ஒரே மகள். அந்த மகளுக்கும் பிரகாஷுக்கும் பிறந்த குழந்தைக்கு அந்த மாதம் காதுகுத்து வைத்திருந்தார்கள். காலையில் கோயில், பகலில் எங்கள் மண்டபத்தில் விருந்து. பிரகாஷின் கூடப் படித்தவர்கள் சென்னையிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் மேல்தளத்து ரூம்களில் தங்கினார்கள். நான் விருந்து முடிந்ததும், முதலாளி மகளிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் வந்தேன். லிப்ட் பக்கம் போகும்போது பார் கதவு கண்ணில் பட்டது. பூட்டு தொங்கியது. துணி சுற்றியிருந்தது. ஆனால் துணி வேறு மாதிரி இருந்தது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். பூட்டு புதிது. அரக்கு இருந்த இடத்தில் எதையோ உருக்கிச் சொட்டியிருந்தார்கள். அதில் முத்திரை இல்லை. தரையில் சுவரோரமாகச் சிவப்புத் துணுக்குகள், பெருக்கியும் போகாதவை.

  சீலை உடைப்பது சாதாரண விஷயம் இல்லை. அரசாங்கத்தின் முத்திரை அது. உள்ளே எண்ணி வைத்த ஸ்டாக்கில் குறைந்திருந்தால் அது இன்னொரு குற்றம். கலால் அதிகாரி எந்த நேரமும் பார்க்க வரலாம்.

செல்லத்துரை சமையலறைப் பின்வாசலில் உட்கார்ந்திருந்தார். தினமும் என் அறைக்கு வந்து நிற்பவர், அன்று அங்கேயே இருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே எழுந்தார்.

“ஒடச்சது என் கையிதான்க்கா. பொய் சொல்லலை. சின்ன மொதலாளி ரெண்டு வாட்டி சொன்னாவ, நான் நகரலை. மூணாவது வாட்டி, நாளையிலிருந்து வேலைக்கு வராதேன்னுட்டாவ.”

வந்திருந்த நண்பர்கள் பிரகாஷிடம் மது கேட்டார்களாம். வெளியே அரசுக் கடைக்கு ஆள் அனுப்பி வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று பிரகாஷ் நினைத்தாராம். நாலைந்து பாட்டில்தானே, ஆர்டர் வந்ததும் சரிக்கட்டிவிடலாம் என்றாராம். நாலைந்து பாட்டிலோடு அது நிற்கவில்லை.

நான் அறைக்குப் போய் உட்காரும் முன்பே பிரகாஷ் வந்துவிட்டார். கண்கள் சிவந்திருந்தன. அவருக்கும் பயம் வந்திருந்தது என்பது பேச்சின் வேகத்திலேயே தெரிந்தது. ரிசப்ஷன் பையனிடம் சொல்லி ஒரு புகாரை டைப் அடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். பார் ஊழியர் செல்லத்துரை சீலை உடைத்து உள்ளே புகுந்து பாட்டில்களைத் திருடிவிட்டதாக அதில் இருந்தது. போலீசுக்கு ஒன்று, கலாலுக்கு ஒரு நகல். ஹோட்டல் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் என்னிடம்தான் இருந்தது.

“நீங்கதானே ஆதரைஸ்டு சிக்னேட்டரி. சைன் பண்ணி அனுப்பிருங்க. கலால் அதிகாரி வந்து கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிட்டா நம்ம மேல தப்பு வராது.”

அந்த யோசனையில் கெட்டிக்காரத்தனம் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். முந்திக்கொண்டு புகார் கொடுத்தவர்கள் பக்கம்தான் முதலில் நம்பிக்கை வரும். செல்லத்துரை கையால் உடைபட்டது என்பதும் பொய் இல்லை. நான் கையெழுத்துப் போட்டால் எனக்கும் ஆபத்து இல்லை. இதெல்லாம் ஒரு நொடியில் என் மனதில் ஓடியது. முதலாளியைப் பார்த்துவிட்டு வந்து செய்கிறேன் என்று சொல்லி, அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

4. தீப்பெட்டி ஆபீஸ்

முதலாளி ஆபீசில் தனியாக இருந்தார். விசேஷத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியின் மடிப்பு இன்னும் கலையவில்லை. நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.  சொல்லி முடித்ததும் புகாரை நீட்டினேன். வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“செண்பகம், எனக்கு ஒத்தப் பொம்பளப் புள்ள. மாப்பிள்ளை பேரு கேஸ்ல வந்துட்டா, அவிய வீட்டுல இவ எப்படி இருப்பா, சொல்லு.”

 செல்லத்துரையைக் கைவிட மாட்டேன் என்றார் அவர். வக்கீல் வைத்து உடனே வெளியே கொண்டுவந்துவிடலாம், பிறகு தீப்பெட்டி ஆபீசிலேயே வேலை போட்டுத் தந்துவிடலாம், குடும்பத்துக்கு வேண்டியதைச் செய்துவிடலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் ஹோட்டலில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்பவர். அதனால்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. கெட்டவர் சொல்லியிருந்தால் மறுப்பது சுலபம்.

“நான் கையெழுத்துப் போட முடியாது, அண்ணாச்சி” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். “நடந்தது வேறன்னு எனக்குத் தெரியும். நீங்க மொதலாளி, நீங்க போட்டாலும் செல்லும்.”

அதைச் சொன்ன கையோடு வேலை போனது என்றுதான் நினைத்தேன். என் மகளின் காலேஜ் பீஸ், வீட்டுக்காரரின் மருந்து எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. முதலாளி என்னைத் திட்டவில்லை. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கழற்றிவிட்டு, செல்லத்துரையை வரச்சொல்லு என்றார்.

செல்லத்துரை டவுன் பஸ் பிடித்து வந்து சேரும் வரைக்கும் நான் அந்த அறையிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ஷெட்டில் பெண்கள் தீப்பெட்டிகளைப் பண்டலாகக் கட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். 

செல்லத்துரை செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார். அவரை உட்காரச் சொன்னார் முதலாளி, உட்காரவில்லை. புகாரில் என்ன இருக்கிறது என்பதை முதலாளி மறைக்காமல் சொன்னார். வக்கீல், வேலை, குடும்பச் செலவு எல்லாவற்றையும் சொன்னார். செல்லத்துரை கேட்டுக்கொண்டே இருந்தார். அழவில்லை, கெஞ்சவுமில்லை.

“கேஸை ஏத்துக்கிடுதேன், மொதலாளி. பூட்டை நான்தான ஒடச்சேன். திருடுனேன்னு மட்டும் எழுதாதீய. எம் பொஞ்சாதி தைக்கப்போற எடத்துல அம்புட்டுப் பேரு இருக்காவ. புருசன் பூட்டை ஒடச்சான்னா, அவ எப்படியும் வேலைக்குப் போயிருவா. திருடுனான்னா போவமாட்டா.”

முதலாளி அவர் முகத்தையே பார்த்தார். பேனா கையில் இருந்தது. பிறகு காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். டிரைவரைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். என்னையும் ஏறச் சொன்னார். செல்லத்துரையிடம், “நீ இங்கனயே இரு” என்றார்.

5. கலால் ஆபீஸ்

கோவில்பட்டிக்குள் எங்கே போனாலும் தூரம் அதிகம் இல்லை. ஆனால் அன்று வண்டி போய்க்கொண்டே இருந்த மாதிரி இருந்தது. முதலாளி முன்சீட்டில். சட்டைப் பையில் காகிதத்தின் முனை வெளியே தெரிந்தது. கையெழுத்துப் போட்டாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. அதிகாரியிடம் அதை நீட்டிவிட்டு, சாட்சிக்கு என்னைக் காட்டினால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே போனேன். முதலாளி எதிரிலேயே அது பொய் என்று சொல்ல எனக்குத் தைரியம் வருமா என்று தெரியவில்லை. வழியில் அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்தார். மறுபடியும் அடித்தது. மகள்தான் என்று நினைக்கிறேன்.

அதிகாரி எங்களைப் பார்த்ததும், ஆர்டர் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்து லேசாகச் சிரித்தார். முதலாளி உட்காராமலே பேசினார்.

“சீலை ஒடச்சிட்டாவ, சார். எம் மருமகன் ஒடைக்கச் சொன்னாரு. வேலைக்காரன் வேற வழியில்லாம ஒடச்சான். குடிச்சது எங்க வீட்டு விசேசத்துக்கு வந்தவிய. லைசென்ஸ் எம் பேர்ல இருந்தது. நீங்க என் பேரையே மொதல்ல எழுதுங்க.”

 யோசித்துத்தான் சொல்லுகிறீர்களா, எழுதிவிட்டால் மாற்ற முடியாது என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார். எழுதுங்க என்றார் முதலாளி. அதன் பிறகுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.  

6. அதற்குப் பிறகு

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். முதலாளி, பிரகாஷ், செல்லத்துரை மூன்று பேர் மேலும் கேஸ் பதிவானது. உடைத்த கை அவருடையது என்பதால் செல்லத்துரையை விட்டுவிட முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். ஆனால் யார் சொல்லி உடைத்தார் என்பதும் எழுதப்பட்டது. திருட்டு என்ற சொல் எங்கேயும் வரவில்லை. மூன்று பேருக்கும் ஜாமீன் கிடைத்தது. கேஸ் கொஞ்ச காலம் நடந்து, அபராதத்தோடு முடிந்தது. மீதி ஸ்டாக்கை அரசு எடுத்துக்கொண்டது. ரினியூவல் அந்த வருடத்துக்கு நிராகரிக்கப்பட்டது. பார் ஊழியர்கள் கிச்சனுக்கும் ரூம் சர்வீசுக்கும் மாறினார்கள். இரண்டு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். செல்லத்துரை ஸ்டோரில் இருந்தார். அவர் மனைவி தையல் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். அதை அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார்.

பிரகாஷ் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார். அந்தத் தீபாவளிக்கு மகள் வரவில்லை. முதலாளி ஹோட்டலுக்கு வரும் நாட்களில் போனை மேஜையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஃபைலில் கையெழுத்து வாங்கப் போகும் நான் பத்தடி தள்ளி நின்று, அவர் நிமிரும் வரை காத்திருப்பேன். நான் அன்று ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் இவர் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று தோன்றும். அந்த நினைப்பு எனக்குப் பல மாதங்கள் போகவில்லை. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் என்னைக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் மகள் குழந்தையோடு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். சில நாள் இருந்துவிட்டுப் போனாள். பிறகு வந்துபோகத் தொடங்கினாள். பிரகாஷ் ஹோட்டல் பக்கம் திரும்பி வரவில்லை. அவர்கள் வீட்டுக்குள் என்ன பேசி முடித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அதற்கடுத்த நிதியாண்டுக்கு மறுபடியும் விண்ணப்பித்தோம். நிறைய விளக்கம் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் கொடுத்தோம். தாமதமாக ஆர்டர் வந்தது. வரும் வரைக்கும் பார் பூட்டியே இருந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்டால், டிசம்பரிலேயே ரினியூவல் வேலையைத் தொடங்கிவிடுங்கள் என்பேன். ஆர்டர் கையில் வராமல் கதவைத் திறக்காதீர்கள் என்பேன். இவை யாரும் சொல்லித் தரக்கூடியவை. இன்னொன்று உண்டு. லைசென்ஸ் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டால், மேலே இருப்பவர்கள் பயந்துபோவார்கள். அந்தப் பயத்தில் முதலில் தயாராகிற காகிதத்தில், அந்த இடத்திலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவரின் பெயர்தான் இருக்கும். அந்தக் காகிதம் கையெழுத்துக்காக உங்கள் மேஜைக்கு வரும். அப்போது உங்களுக்கும் பயமாகத்தான் இருக்கும், கை நடுங்கும். நடுங்கினால் நடுங்கட்டும். பேனாவைக் கீழே வைக்க அந்தக் கையே போதும்.